பி.காம். எல்.எல்.பி. முடித்த பிறகு எல்.எல்.எம்.: எதைப் படிப்பது, எங்கே படிப்பது, எப்படி விண்ணப்பிப்பது?

சென்னையில் ஐந்தாண்டு பி.காம். எல்.எல்.பி. (ஹானர்ஸ்) படிப்பில் நான்காம் ஆண்டை முடிக்கப்போகிறீர்கள். முதல் வகுப்பில் இருக்கிறீர்கள். அடுத்து எல்.எல்.எம். (சட்ட முதுநிலைப் பட்டம்) படிக்க ஆசை, எந்தப் பிரிவு, இந்தியாவா வெளிநாடா, எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பெரிய சேமிப்பு இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதையும் கணக்கில் வைத்தே பதில் சொல்கிறேன்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது, அதில் பி.காம். பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான். படிப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதோடு சரி. இரட்டைப் பட்டம் படிக்கும் பலரிடம் இதைப் பார்க்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் கணக்குப்பதிவியல், அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி எல்லாம் படித்துத் தேறிவிட்டு, நான்காம் ஆண்டில் மூட் கோர்ட் என்ற மாதிரி வழக்காடு போட்டிக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் ஓடத் தொடங்கியதும் அவற்றை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். எல்.எல்.எம். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது. மற்றவை எல்லாவற்றையும் இங்கிருந்தே முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி ஒரு மனு விசாரணைக்கு வருகிறது. கடன் கொடுத்த வங்கி ஒருபுறம், சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் வராமல் நிற்கும் சிறு வியாபாரி மறுபுறம். நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் ஒரு தொகை 'கடன்' என்று காட்டப்பட்டிருக்கிறதா, 'முன்பணம்' என்று காட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பிடித்துக்கொண்டே வாதம் நடக்கும். அந்தக் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த இளம் வழக்கறிஞரை சீனியர் உடனே தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். வரி, திவால், போட்டிச் சட்டம், பங்குச் சந்தை ஒழுங்குமுறை, வணிக நடுவர் தீர்ப்பு (ஆர்பிட்ரேஷன்) ஆகிய துறைகளில் வணிகவியல் படித்தவருக்கு இந்த முன்னிலை இயல்பாகவே கிடைக்கிறது. எனவே உங்கள் எல்.எல்.எம். இந்த வட்டத்துக்குள் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். மனித உரிமை மீதோ சுற்றுச்சூழல் சட்டம் மீதோ உண்மையான பற்று இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பற்றுக்கு ஐந்தாண்டில் நீங்கள் எழுதிய கட்டுரையோ செய்த பணியோ சாட்சியாக இருக்க வேண்டும்.

இதே கேள்வியை பி.ஏ. எல்.எல்.பி. படித்தவர் கேட்டால் அரசமைப்புச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், மனித உரிமை பக்கம் கை காட்டுவேன். பி.சி.ஏ. எல்.எல்.பி. என்றால் தரவுப் பாதுகாப்பு. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் துறைக்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அறிவுசார் சொத்துரிமை மீது எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023-இல் அதற்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்ட பிறகு அந்த ஆசை கூடியிருக்கிறது. உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் வேண்டும். பி.காம். பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. வணிகக் குறி, பதிப்புரிமை வழக்குகளுக்கு அந்தத் தடை இல்லை.

அடுத்தது, எல்.எல்.எம். எதற்கு? இதற்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டால் இந்தியாவா வெளிநாடா என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

கற்பிக்கும் ஆசை இருந்தால் எல்.எல்.எம். கட்டாயம். சட்டத்தில் உதவிப் பேராசிரியர் ஆக முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீதமும், தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குச் சில நிலைகளில் விலக்கு உண்டு. நெட் தேர்வில் இரண்டு தாள்கள்: முதல் தாளில் 50 கேள்விகள், சட்டப் பாடத்தில் 100 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை. எல்.எல்.எம். படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். அதே தேர்வின் வழியாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்துவிட்டால் முனைவர் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். சேமிப்பு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று சொல்லத் தேவையில்லை.

நீதிபதி ஆக வேண்டும் என்றால் எல்.எல்.எம். தேவையே இல்லை. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனை திரும்ப வந்தது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அந்த அனுபவத்தைக் கணக்கிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே அந்த இலக்கு உள்ளவர்கள் பட்டம் வந்த கையோடு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு நீதிமன்றத்துக்குப் போவதே சரி. எல்.எல்.எம். படிக்கும் ஆண்டு அந்த அனுபவத்துக்கு ஈடாகும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பதிவுக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம்: சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல், அதாவது பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

வழக்கறிஞர் தொழிலோ நிறுவன வேலையோ இலக்கு என்றால், எல்.எல்.எம். படிப்பதை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடுவதே மேல் என்பேன். இதை உறுதியாகச் சொல்கிறேன். வரி வழக்கில் ஒரு மேல்முறையீட்டு மனுவைக் கையால் எழுதிப் பார்த்தவர் வகுப்பில் கேட்கும் கேள்வி வேறு. நேராகக் கல்லூரியிலிருந்து வருபவர் கேட்கும் கேள்வி வேறு. பணத்துக்கும் இதுவே நல்லது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது 2,800 மணி நேர, ஏறத்தாழ இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் படிக்கக் கிடைக்கும் ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவிக்கு மூன்று ஆண்டு. கல்லூரி முடித்த கையோடு போனால் இந்த இரண்டு வாய்ப்புகளும் கிடைக்காது.

இந்தியாவில் படிப்பது என்றால், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஓராண்டு எல்.எல்.எம். ஒரு வழி. பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர், காந்திநகர், நம் திருச்சி நவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் கிளாட் முதுநிலைத் தேர்வுதான் வாசல். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட் முதுநிலைத் தேர்வு. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத் துறையிலும் படிப்பது இரண்டாண்டு. கட்டணம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களை விட வெகுவாகக் குறைவு.

ஓராண்டா இரண்டாண்டா என்ற குழப்பத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஓராண்டு எல்.எல்.எம்.முக்கு வழிகாட்டுதல் வகுத்தது. 2021 ஜனவரியில் இந்திய பார் கவுன்சில் ஓராண்டுப் படிப்பை ஒழிக்கும் விதிகளை வெளியிட்டது. அது உச்ச நீதிமன்றத்தில் வழக்காயிற்று. ஓராண்டுப் படிப்பு தொடர்ந்து நடக்கிறது. அந்த விதிகளில் இன்னொரு செய்தியும் இருந்தது: வெளிநாட்டில் ஓராண்டில் வாங்கும் எல்.எல்.எம். இந்திய எல்.எல்.எம்.முக்கு இணையாகக் கொள்ளப்படாது என்பது. இந்தியாவில் கற்பிப்பதுதான் உங்கள் கனவு என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே இந்திய எல்.எல்.எம்.மை முதலில் முடித்துவிடுவது பாதுகாப்பானது. பிறகு வெளிநாட்டில் ஆய்வுக்குப் போகலாம்.

கிளாட் முதுநிலைத் தேர்வை மனப்பாடத்தால் கடக்க முடியாது. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஒரு தீர்ப்பிலிருந்தோ சட்டத்திலிருந்தோ ஒரு பகுதியைக் கொடுத்து அதைச் சுற்றிக் கேட்பார்கள். உதாரணத்துக்கு, அந்தரங்க உரிமை பற்றிய 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பிலிருந்து இரண்டு பத்திகள் வருகின்றன என்று வையுங்கள். பத்தியில் உள்ளதை மட்டும் கேட்டால் எளிது. ஒன்பது நீதிபதிகள் அமர்வு எந்தப் பழைய தீர்ப்புகளைத் தள்ளியது (1954-இன் எம்.பி. சர்மா, 1962-இன் கரக் சிங்), உரிமையைக் கட்டுப்படுத்த அரசு எந்தச் சோதனைகளில் தேற வேண்டும், பின்னால் வந்த ஆதார் வழக்கில் அது எப்படிப் பயன்பட்டது என்று கேள்விகள் பத்தியை விட்டு வெளியே போகும். கைட் புத்தகத்தில் ஒரு வரிச் சுருக்கம் படித்தவர் அங்கே நின்றுவிடுவார். அரசமைப்புச் சட்டத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். குற்றவியலில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய சட்டங்களைப் பழைய பிரிவுகளோடு சேர்த்துப் படியுங்கள். சில பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளை இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே எடுத்திருக்கின்றன. ஆகவே ஒரு தேர்வுக்குச் செய்யும் உழைப்பு இரண்டு இடங்களில் பயன்படும்.

அண்மை ஆண்டுகளில் தேர்வு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஐந்தாம் ஆண்டில் படிப்பவர்களும் எழுதலாம். எனவே நான்காம் ஆண்டு முடியும் விடுமுறையே தயாரிப்புக்குச் சரியான காலம். ஒன்பதாம் பருவத் தேர்வும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நெருக்கும்.

இனி வெளிநாடு. உங்கள் இரட்டைப் பட்டத்துக்கென்றே அமைந்தவை போன்ற படிப்புகள் சில இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் சட்டமும் நிதியும் முதுநிலைப் படிப்பைச் சட்டத் துறையும் சயீத் பிசினஸ் ஸ்கூலும் சேர்ந்து நடத்துகின்றன. கேம்பிரிட்ஜில் நிறுவனச் சட்டத்துக்குத் தனி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பன்னாட்டு வரிக்கு நெதர்லாந்தின் லைடன், அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகம். ஐரோப்பாவில் சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்த எராஸ்மஸ் முண்டஸ் படிப்பு ஒன்று உண்டு. தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கு உதவித்தொகையும் கிடைக்கும். பன்னாட்டு நடுவர் தீர்ப்புக்கு ஜெனீவா. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு நான்கு மணி நேர விமானப் பயணம், வணிக வழக்குகளில் உலகம் மதிக்கும் நகரம். ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். (பேச்சலர் ஆஃப் சிவில் லா) படிப்பை, பெயரைப் பார்த்து இளநிலைப் பட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது முதுநிலைப் படிப்புதான். அதற்கு மிக உயர்ந்த முதல் வகுப்பும், எழுதிய கட்டுரையின் மாதிரியும் கேட்பார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஹார்வர்டில் கற்பிப்புக் கட்டணம் மட்டுமே 75,000 டாலரைத் தாண்டுகிறது. அதற்கு மேல் தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு. சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, வேலை உறுதி இல்லாத ஓராண்டுப் படிப்புக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டனில் எல்.எல்.எம். வாங்கினால் அங்கே சொலிசிட்டர் ஆகிவிடலாம் என்று ஏஜென்ட்கள் சொல்வதை நம்பாதீர்கள். அதற்கு எஸ்.க்யூ.இ. என்ற இரண்டு கட்டத் தேர்வும் இரண்டாண்டுத் தகுதிப் பணி அனுபவமும் வேண்டும், எல்.எல்.எம். அதில் எந்தப் படியும் இல்லை. படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசாவையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள். நியூயார்க் பார் தேர்வு எழுத நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே அந்த மாநிலத் தேர்வு வாரியத்திடம் தங்கள் இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே எல்.எல்.எம். தேவைப்படுகிறவர்களுக்கு 24 கிரெடிட் கணக்கும், தொழில்முறை ஒழுக்கம், சட்ட ஆய்வும் எழுத்தும் போன்ற குறிப்பிட்ட பாடங்களும் நிபந்தனை.

ஆகவே உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே வெளிநாடு என்று உங்கள் வீட்டு நிலைக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். செவனிங், காமன்வெல்த், இன்லாக்ஸ், கடனாகக் கிடைக்கும் ஜே.என். டாட்டா அறக்கட்டளை உதவி ஆகியவற்றைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டமும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைகளும் இருக்கின்றன. இவற்றுக்கு வருமான வரம்பு உண்டு. வருமானச் சான்றிதழை முன்கூட்டியே தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். உதவித்தொகைக்கான கடைசி நாள் பல நேரங்களில் படிப்புக்கான கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடும். செவனிங் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடுகிறது. ஹார்வர்டுக்கு டிசம்பர் தொடக்கம், ஆக்ஸ்ஃபோர்டுக்கு டிசம்பர், ஜனவரி. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் வரும் விண்ணப்பங்களை வந்த வரிசையில் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டே போவார்கள். அங்கே அக்டோபரில் போடும் விண்ணப்பத்துக்கும் மார்ச்சில் போடுவதற்கும் பெரிய வேறுபாடு.

விண்ணப்பத்தில் உங்கள் கையில் முழுமையாக இருப்பது நோக்க அறிக்கைதான். என்னிடம் திருத்தித் தரச் சொல்லி வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித் தொடங்குகின்றன: 'சிறு வயது முதலே நீதியின் மீது எனக்குத் தணியாத தாகம் இருந்தது. உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் வாழ்நாள் கனவு.' இந்த இரண்டு வாக்கியங்களையும் யார் வேண்டுமானாலும் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரிவதில்லை.

உங்களைப் போன்ற ஒருவர் இப்படித் தொடங்கலாம்: 'தீர்ப்பாயத்தில் இன்டர்ன்ஷிப் செய்தபோது நான் படித்த, திவால் நடவடிக்கைக்கு உள்ளான ஒரு நிறுவனத்தை மீட்கும் தீர்வுத் திட்டத்தில், சரக்கு வழங்கியவர்களுக்கு அவர்களின் பாக்கியில் மிகச் சிறு பகுதியே ஒதுக்கப்பட்டிருந்தது. நிதிக் கடன் கொடுத்தவருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு செல்லும் என்று 2019-இல் ஸ்விஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் யாருக்கு முதலில் பணம் என்று திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வகுக்கும் வரிசைப்படி கணக்குப் போட்டுப் பார்த்தால், சிறு வியாபாரிக்குச் சட்டம் உறுதி செய்யும் குறைந்தபட்சத் தொகை பல வழக்குகளில் பூஜ்யமாகிவிடுகிறது. மற்ற நாடுகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்க்கின்றன என்று படிக்க விரும்புகிறேன்.' இதில் சட்டமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. எழுதியவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வி இரட்டைப் பட்டத்திலிருந்து பிறந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அடுத்த பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், எந்தப் பேராசிரியரின் ஆய்வு இதற்கு உதவும் என்று எழுதினால் போதும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பத்தியைப் புதிதாக எழுத வேண்டும். உங்கள் கேள்வி வேறாக இருக்கட்டும். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கையால் தொட்ட ஒரு கோப்பிலிருந்து அது வர வேண்டும், அவ்வளவுதான்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதியைத் தேடி அலையாதீர்கள். உங்கள் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர், 'இந்த மாணவி என் நிறுவனச் சட்ட வகுப்பில் எழுதிய கட்டுரையில் இந்த வாதத்தை இப்படி நகர்த்தினார்' என்று எழுதும் அரைப் பக்கத்துக்கு அதிக மதிப்பு. அப்படி எழுத அவருக்கு ஏதாவது வேண்டும். எனவே ஐந்தாம் ஆண்டில் ஒரு கட்டுரையையாவது முழு மனதோடு எழுதி அவரிடம் காட்டுங்கள். கடிதம் கேட்கும்போது அந்தக் கட்டுரை, மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை மூன்றையும் சேர்த்து ஆறு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நிலையில் நான் போடும் திட்டம் இதுதான். கிளாட் முதுநிலைத் தேர்வை இந்த டிசம்பரில் எழுதுங்கள். கற்பித்தல்தான் ஆசை என்று உள்மனம் சொன்னால், கிடைக்கும் நல்ல இடத்தில் வணிகச் சட்டப் பிரிவில் சேர்ந்து, படிக்கும்போதே நெட் எழுதுங்கள். தொழில்தான் ஆசை என்றால் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் முடித்துவிட்டு, சென்னையில் வரி அல்லது திவால் வழக்குகள் நடத்தும் ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உழைத்துவிட்டு, உதவித்தொகையோடு வெளிநாட்டுக்கு விண்ணப்பியுங்கள். இந்த ஆண்டே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இல்லை.

கடைசியாக, காகித வேலை. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வாரக்கணக்கில் ஆகலாம். ஒன்பதாம் பருவ முடிவு வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். அதைவிட முக்கியம் உங்கள் பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு ஒரே பெயர்தான் இருக்கும். வெளிநாட்டு விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்கும். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட், ஐ.இ.எல்.டி.எஸ்., விண்ணப்பம் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.